பாக்கியம் அக்காவின் பின் இருக்கை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாக்கியம் அக்காவின் மகன் செல்வம் போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க. மந்தின்ல இருக்குற எங்க வீட்டுலதான் வெச்சிருக்கோம்." போனேன். பாக்கியம் அக்காவின் அருகே செல்லத் துணிவில்லாமல், கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஏன் என்று அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அக்கா கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். என் அப்பா அங்கே கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஓர் இத்தாலியக் கார் இருந்தது. பந்தயக் காரின் எஞ்சினைப் பொருத்தி, குடும்பமே உட்காரும்படி செய்த சொகுசுக் கார். அதன் பெயருக்கே 'நான்கு கதவு' என்றுதான் அர்த்தம். துரை ஊர் திரும்பும்போது விற்ற கார், பல கை மாறி, துருப்பிடித்து, சிரம்பானில் ஒரு டாக்டரிடம் வந்து சேர்ந்தது. அதைப் புதுப்பிக்கத் தொடங்கியவர், அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதும் வேலையை எனக்குத் தந்தார்.

தகவல் தேடி அக்காவிடம் போனேன். காரை அவர் 'காடி' என்றுதான் சொல்வார்.

"அந்தக் காடிலதான் தம்பி என் மூத்த புள்ள பொறந்துச்சு. வலி வந்தப்ப லோரி இல்ல. தொரையே ஓட்டிட்டு வந்தாரு. மல வளைவுல பொறந்துச்சு. சிரம்பான் ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள போயிடுச்சு. பொம்பளப் புள்ள."

"தொர உங்கள அந்தக் காருல ஏத்துனாரா? அப்பா ஒன்னும் எழுதி வைக்கலையேக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"கிராணி எழுதலன்னா நடக்கலன்னு ஆயிருமா?" என்றார். பிறகு எனக்குக் கோப்பி கலக்கப் போனார்.

சில வாரங்களில், தெமியாங் ஊரில் கார் சீட் தைப்பவர் பின் இருக்கையின் தோலைப் பிரித்தார். உள்ளே பஞ்சு அகலமாகக் கறுத்திருந்தது. "எண்ணெ இல்ல சார். ரத்தம் மாதிரி இருக்கு." அக்கா சொன்னது உண்மை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். "மாத்திருங்க. இதெல்லாம் புத்தகத்துல வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன். 'பின் இருக்கையில் துரையின் விருந்தினர்கள் மட்டுமே பயணம் செய்தனர்' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகவே எழுதினேன்.

புத்தக வெளியீட்டு நாளில் காரையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அக்கா பட்டுப் புடவையில் வந்தார். "ஒரு வாட்டி உள்ள உக்காந்துக்கறேன் தம்பி. எம் புள்ள மூச்சு விட்டது அங்க மட்டும்தான்."

டாக்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுத் தோலு அக்கா, தொடக்கூடாது" என்றேன்.

கதவருகே போன கையை அக்கா இழுத்துக்கொண்டார். "சரிப்பா. நீ ஏச்சு வாங்காத லா." கண்ணாடி வழியே சிறிது நேரம் உள்ளே பார்த்துவிட்டு, பஸ் ஏறப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் செல்வத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. சீட்டு தைக்கிறவரு எங்கப்பா வழில சொந்தம். ரத்தம் இருந்தத அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு."

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் அன்று அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் உண்மையை மறைத்தவன் என்று தெரிந்தே, எனக்கு ஏச்சு விழக்கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

புத்தகத்தைத் திருத்தும்படி டாக்டருக்கு எழுதினேன். பதில் இல்லை. ஆகவே இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதுகிறேன்: அந்தக் காரில் பாக்கியம் என்ற தொழிலாளி ஒரு மகளைப் பெற்றார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு "சரிப்பா" மட்டுமே. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.