உபவாச நாளில் இட்லி

அன்பான விசுவாசிகளே, என் தசை நோய் குணமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது.

என் பெயர் எஸ்தர். பாகூர் பக்கம் ஊர், தையல் கம்பெனியில் வேலை. சிறு வயதிலிருந்தே கொஞ்சம் அதிகமாக உழைத்தால் கை கால் கல்லாய் இறுகிவிடும். சோம்பேறி என்று பெயர் வாங்கினேன். இருபத்தொன்பதாவது வயதில்தான் அது பிறவித் தசை நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கிடையாதாம். ஓடலாம், ஆனால் அளவோடு என்றார்கள். அளவு என்ற சொல்லே எனக்கு ஆகாது. பத்து கிலோமீட்டர் ஓடியே தீருவேன் என்று தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் பயிற்சி ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ஐந்து கிலோமீட்டர் சிரித்துக்கொண்டே ஓடுவேன். இன்னொரு நாள் இரண்டிலேயே விழுந்துவிடுவேன். மாடு ஓட்டிப் போகிறவர்கள், "ஒனுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? வூட்ல கெடயேன்" என்பார்கள். அந்த வீம்புக்கே மறுநாளும் போவேன்.

சபையில் எனக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். நானும் வெறும் தண்ணீரோடு இருந்தேன். மூன்றாம் நாள், விசுவாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஓடப் போனேன். தொடை இரண்டும் பூட்டிக்கொண்டன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஜெபக்குழு நடத்தும் கிரேஸ் அக்கா பார்க்க வந்து, "ஒனுக்கு விசுவாசம் பத்தலடி" என்றாள்.

அழுதேன். பிறகு கர்த்தரிடமே சண்டை போட்டேன். கால் கேட்டேன், இருந்ததையும் பிடுங்கிக்கொண்டீர். பதில் சொல்லும், இல்லாவிட்டால் உம்மோடு பேச்சு இல்லை என்றேன்.

மறுநாள் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்து கேட்டார்: "இதுக்கு முன்ன விழுந்த அன்னிக்கெல்லாம் என்னம்மா சாப்பிட்டிருந்தே?"

இத்தனை வருடத்தில் அதை யாருமே கேட்டதில்லை. யோசித்தேன். ஒன்றுமே சாப்பிட்டதில்லை. விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை, வாராவாரம் நான் உபவாசம் இருக்கும் நாள். என் தசைக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியாது, பட்டினியோடு ஓடினால் தசையே கரையும் என்று அவர் விளக்கினார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் பதில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த உபவாச ஜெபத்துக்கு டிபன் பாக்ஸில் இட்லியோடு போனேன்.

"இன்னாடி இது, உபவாசத்துல இட்லியா?" என்றாள் கிரேஸ் அக்கா.

"ஆமாக்கா. நா சாப்ட்டுத்தான் ஜெபிப்பேன். நீ பட்டினி இரு, வேணாங்கல. என்னியச் சாகச் சொல்லாத."

பாஸ்டர் ஐயா வந்து, "சாப்புடும்மா" என்று அந்த இட்லிக்கு ஸ்தோத்திரம் சொன்னார். கிரேஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்னபடி பழகினேன். சாப்பிட்டுவிட்டு ஓட்டம், பாதியில் வாழைப்பழம், காய்ச்சல் என்றால் ஓய்வு. போன தை மாதம் பத்து கிலோமீட்டர் பந்தயம் ஓடினேன். கடைசியாக வந்தது நான்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டருகே கிரேஸ் அக்கா சுண்டல் பொட்டலத்தோடு நின்றாள்.

"மொதல்ல துன்னுடி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கர்த்தர் என் நோயை எடுக்கவில்லை. நோயோடு ஓட வழி காட்டினார். அவருக்கு நன்றி. உங்களுக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் கேளுங்கள், தாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் பதினைந்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கூட ஓட விரும்புகிறவர்கள் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.