கெற்றில் பாறைக்குப் பெயர் வந்த விதம்

ஜேர்மனியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளோடு நாங்கள் லண்டனுக்கு வந்த இரண்டாவது ஆண்டில், வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசிய பெண் அவசரமாகப் பேசினாள். உங்களுக்கு ஜேர்மன் வாசிக்க வருமா, பழைய அச்செழுத்து என்றாலும் வாசிப்பீர்களா, பனி சம்பந்தமான வேலை, திங்கட்கிழமை தொடங்க முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுபோல ‘யெஸ்’ சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அது என்ன வேலை என்று கேட்கவில்லை என்பது உறைத்தது.

என் கணவர் மின்சார வேலை செய்பவர். அன்று ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஐஸோட வேலையாம்,” என்றேன்.

“ஐஸ்கிறீம் கொம்பனியோ, மீன் கொம்பனியோ?”

“தெரியேல்லை. ஜேர்மன் வாசிக்கவேணுமாம்.”

“அப்ப ஜேர்மன் மீனாத்தான் இருக்கும். எதுக்கும் தடிச்ச சுவெற்றர் ஒண்டு போட்டுக்கொண்டு போம்.”

போட்டுக்கொண்டுதான் போனேன். ஹோபர்ன் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்தது. மீனும் இல்லை, ஐஸும் இல்லை. சுவர் முழுக்க இழுப்பறைகள், இழுப்பறைகள் முழுக்க அண்டார்டிகாவின் வரைபடங்கள். ஒவ்வொரு மலைக்கும் தீவுக்கும் பனியாற்றுக்கும் ஒரு சிறு அட்டை. அதில் பெயர், அந்தப் பெயரை வைத்தது யார், ஏன் வைத்தார்கள் என்று எழுதியிருக்கும். பழைய ஜேர்மன் பயணக் குழுக்களின் வரைபடங்களில் உள்ள பெயர்களை இந்த அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

செவன் கிங்ஸில் ரயில் ஏறும்போது தூங்கி வழிந்த நான், அந்த அட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்தையும் மறந்துவிடுவேன். அந்தக் கண்டத்தில் ஊர்க்காரர் என்று எவரும் கிடையாது. வாய்வழியாக வந்த பெயர் ஒன்றுகூட இல்லை. போனவர்கள் வைத்ததுதான் பெயர். போனவர்களின் மனநிலை எப்படியோ பெயரும் அப்படி. தூரத்தில் மூடிய தீவுபோலத் தெரிந்து, ஒரு சந்துக்குள் நுழைந்ததும் உள்ளே பெரிய துறைமுகம் இருந்ததால் ஒன்று ‘ஏமாற்றுத் தீவு’. வடக்கே ஒரு தீவில், பெருங்கண்டத்தைக் கண்டுவிட்டோம் என்று நம்பி வந்த கப்பல்காரர் அது வெறும் தீவுதான் என்று கண்டுகொண்ட முனை ‘ஏமாற்ற முனை’. ஒரு பக்கம் மலைகளுக்கெல்லாம் இசையமைப்பாளர்களின் பெயர். இன்னொரு பக்கம் சத்துணவை ஆராய்ந்தவர்கள், பனியில் கண் கூசாமல் போடும் கண்ணாடி செய்தவர்கள். சறுக்குவண்டி இழுத்த நாய்களின் பெயரில்கூடப் பாறைகள் இருந்தன. ஒரே தீவுக்கு மூன்று நாடுகள் மூன்று பெயர் வைத்திருக்கும். எனக்குக்கூட வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று என்று மூன்று பெயர் இருந்ததால், அதில் மட்டும் நான் ஆச்சரியப்படவில்லை.

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் யாரோ என் வேலையைப் பற்றிக் கேட்டபோது, “பேர் வைக்கிற ஒபிஸில வேலை,” என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள்.

“அன்ரி, பிள்ளைக்கு ‘ச’வில தொடங்கிற பேர் ஒண்டு சொல்லுங்கோ. எண்ணும் பொருந்தவேணும்.”

மலைகளுக்குத்தான் பெயர் பார்க்கிறேன் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அலுவலகத்தில் எங்கள் அறையில் மூன்றே பேர். பிரிவின் தலைவி ஐம்பது வயது தாண்டிய ஆங்கிலேயப் பெண். காலணியைக் கழற்றிவிட்டுத் தடித்த காலுறையோடு தரையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் முழங்காலிட்டு வேலை செய்வார். மற்றவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த எஞ்சினியர், முப்பது வயதிருக்கும். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடத்தைத் திருத்துவது அவர் வேலை. நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

ஒரு நாள் நான் பட்டியலை வாசிக்க, தம்பி கணினியில் குறித்துக்கொண்டு வந்தார். விமானங்களுக்கான எரிபொருள் பீப்பாய்கள் எந்தெந்த இடங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன என்ற பட்டியல். பிற்பகலில் தலைவி அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பீப்பாய்கள் எப்படி மலையைத் தாண்டிப் போயின?” என்று கேட்டார். ஒரு பனியாற்றின் அருகில் இருக்கவேண்டியவை, வெகு தொலைவிலிருந்த வேறொரு பனியாற்றின் அருகில் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டு பெயர்களுக்கும் வித்தியாசம் முதல் எழுத்தில் மட்டும்தான். ஒன்று ‘பஸ்’ஸில் வரும் ப, மற்றது ‘பேப்ப’ரில் வரும் ப.

“நீங்க ‘ப’ன்னுதானே சொன்னீங்க அக்கா?” என்றார் தம்பி.

“ஓம் தம்பி, ‘ப’ எண்டுதான் சொன்னனான்.”

“நானும் ‘ப’தான் போட்டேன்.”

தலைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஜேர்மன் வாசிக்க வந்தவள் ஆங்கிலத்தில் கோட்டை விட்டுவிட்டேனே என்று இருந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தரையிலிருந்து எழுந்து மேசையில் ஏறி உட்கார்ந்தார்.

“அங்கே விமானம் ஓட்டுபவர் கனடாக்காரர். வானொலியில் அவரோடு பேசுபவர் ஸ்கொட்லாந்துக்காரர். இடையில் காற்று, இரைச்சல். நீங்கள் இருவரும் இந்தச் சூடான அறையிலேயே குழம்பினால், அவர்கள் அங்கே என்ன செய்வார்கள்?”

அன்றிலிருந்து எனக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. பெயர்களை முடிவு செய்வதற்கென்று ஒரு குழு இருந்தது, எப்போதாவது கூடும். அதற்குப் போகும் ஒவ்வொரு புதுப் பெயரையும் முதலில் நான் அறையின் ஒரு மூலையில் நின்று வாசிக்கவேண்டும். மற்ற மூலையில் தம்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதவேண்டும். அவர் சரியாக எழுதினால் பெயர் தேறியது. பக்கத்திலிருக்கும் வேறொரு இடத்தின் பெயரை எழுதிவிட்டால் அது குழுவுக்குப் போகாது. இரைச்சல் வேண்டுமென்று தலைவி சில நாள் ஜன்னலையும் திறந்துவிடுவார். ஹோபர்ன் பஸ்களின் சத்தத்துக்கு மேலாக நான் மலைகளின் பெயரைக் கத்துவேன். வாழ்க்கையில் என் உச்சரிப்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது அந்த அறையில்தான்.

அப்படி இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். கணவர் போன மாரியில் காலமானார். இளமையில் அண்டார்டிகாவின் ஒரு தளத்தில் இரண்டு குளிர்காலம் மெக்கானிக்காக இருந்தவர். பனிவண்டிகளைப் பழுதுபார்த்ததோடு, அவற்றை ஓட்டிக்கொண்டு ஆராய்ச்சியாளர்களைக் கண்டத்தின் உட்பகுதிக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். ஆராய்ச்சியாளர்களின் பெயரில் அங்கே மலைகள் இருக்கின்றன, அவர்களைக் கூட்டிப்போனவர் பெயரில் ஒரு கல்லாவது இருக்கக்கூடாதா என்று கேட்டிருந்தார்.

தலைவி பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்தார். எல்லாம் உண்மை. அந்த மெக்கானிக் போன பாதையின் ஓரத்திலேயே பனிக்கு மேல் தலை நீட்டும் ஒரு பாறையைத் தம்பி செயற்கைக்கோள் படத்தில் காட்டினார். அதற்குப் பெயர் இல்லை. எல்லாம் கூடிவந்ததுபோல இருந்தது.

நான் மூலையில் நின்று அந்த மனிதரின் குடும்பப் பெயரை வாசித்தேன். தம்பி எழுதினார். தாளைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பாதையிலேயே சற்று அப்பால் இருக்கும் ஒரு முகட்டின் பெயர். மறுபடி வாசித்தேன். வாயைத் திறந்து, நாக்கை மடித்து, எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். மறுபடியும் அதே முகடு. அப்போது தலைவி அறையில் இல்லை.

தம்பி குரலைத் தாழ்த்தினார். “அக்கா, எனக்கு எது வேணும்னு தெரியும். சரியா எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

எனக்கும் ஆசைதான். அந்தப் பெண்ணின் கையெழுத்து கண்ணுக்குள் நின்றது. கோடு போடாத தாளில் ஒரு வரிகூடச் சாயாமல் எழுதியிருந்தார். ஆனால் பனிமூட்டத்தில் யாரோ ஒருவன் பாறைக்குப் போவதாக நினைத்து முகட்டுக்குப் போய்விட்டால்?

“வேண்டாம் தம்பி,” என்றேன். “அந்த மனுசன் ஆக்களைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு போனவர். அவரின்ர பேராலயே ஒருத்தர் வழிதவறினா அது சரியில்லை.”

தலைவியிடம் உண்மையைச் சொன்னோம். அவர், இதைக் கடிதத்தில் எழுதக்கூடாது, நேரில் சொல்லவேண்டும் என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தார். எழுபதை நெருங்கியவர், சிவப்புக் கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் புகைப்படங்கள். தலைவி விஷயத்தைத் தொடங்க வழி தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்கள் கணவரின் பெயரைத் தோற்கடித்தது நான்தான்,” என்று சொல்லிவிட்டேன். “நான் சொன்னது இவருக்குப் புரியவில்லை. மன்னிக்கவேண்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“அம்மா, அந்தப் பெயரை எவரும் சரியாகச் சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்தில் பாதிரியாரே தவறாகத்தான் சொன்னார்! நான் சட்டப்படி வேறு யாருக்கோ மனைவி என்று இவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.”

அறை முழுக்கச் சிரித்தோம். அவர் படங்களை மேசையில் பரப்பினார். தாடி வைத்த மனிதர்கள், எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு. “தளத்தில் யாரும் இவரைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டதே இல்லை,” என்றார். “யார் வெளியே போய்த் திரும்பினாலும், என்ன நேரமானாலும், இவருடைய கொட்டகையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்குமாம். அதனால் அங்கே இவருக்குப் பெயர் கெற்றில். கிறிஸ்மஸ் வாழ்த்துகூட ‘அன்புள்ள கெற்றிலுக்கு’ என்றுதான் வரும்.”

தலைவி எங்களைப் பார்த்தார். அவர் சொல்லாமலே நாங்கள் எழுந்து மூலைகளுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதைக் கேத்தல் என்போம். தம்பி ஊரில் கெட்டில். ஜேர்மன்காரனுக்கும் ஏறக்குறைய அந்த ஒலியில் ஒரு பாத்திரம் உண்டு. நான் ஒரு தரம்தான் வாசித்தேன். தம்பி தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சரியாக இருந்தது. சிவப்புக் கோட்டுக்காரர் கை தட்டினார்.

குழுவில் அது உடனே தேறிவிடவில்லை. பனி உருகுவதால் உண்டாகும் பள்ளத்துக்கு நிலவியலில் அதே சொல் இருக்கிறதாம். குழப்பம் வரும் என்று ஒருவர் மறுத்திருக்கிறார். பனிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பாறையைப் பார்த்து யார் பள்ளம் என்று நினைப்பார்கள் என்று எங்கள் தலைவி கேட்டாராம். பட்டப்பெயரை வைக்கலாமா என்று இன்னொருவர் இழுத்தாராம். நாய்களின் பெயரையே வைத்திருக்கிறோமே, மெக்கானிக் என்ன குறைந்தவரா என்று தலைவி திருப்பிக் கேட்டாராம். அன்று அவர் திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்ததும், காலணியைக் கழற்றி உதறிய விதத்திலேயே பெயர் தேறிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். சொன்னேன். மறுமுனையில் சத்தம் இல்லை. நான் மறுபடி எதையோ தவறாக உச்சரித்துவிட்டேனோ என்று பயந்துபோய் இன்னொரு தரம் சொன்னேன்.

“கேட்டது, அம்மா,” என்றார். “இன்னொரு தரம் சொல்லட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.”

புதிய வரைபடம் அச்சாகி வந்தபோது அவர் எங்களை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான், கணவர், தம்பி, தலைவி நால்வரும் போனோம். நான் ரோல்ஸ் செய்து கொண்டு போயிருந்தேன். அவர் கேக் வைத்திருந்தார். வரைபடத்தை முன்னறைக் கம்பளத்தில் விரித்தோம். பெயர் எறும்பு அளவுதான் இருந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்து, எடுக்காமல் சற்று நேரம் இருந்தார்.

பிறகு சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டினார். இரண்டு வருடம் பெயர்களோடு புழங்கியும் அந்த இடத்தை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அன்றுதான். இத்தனை நீலம் இருக்கும் என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு படத்தில் ஜெனரேற்றர் கொட்டகை வந்தது. என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். எத்தனை பேருக்கு அந்த ஜெனரேற்றர், வயர் எல்லாம் குளிரில் வெடிக்காதா என்று கேட்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குக் கணவர் சொன்னதெல்லாம் மனப்பாடம். இருவரும் ஒரு மணித்தியாலம் வயரைப் பற்றியே பேசினார்கள். தம்பியும் தலைவியும் ரோல்ஸை முடித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர், “அங்க எலக்றீசியன் எடுக்கிறவையோ?” என்றார்.

“எடுப்பினம். ஏன்?”

“சும்மா கேட்டனான். ஒரு வருசம் போய்ப் பாத்திட்டு வரலாம்.”

“பிள்ளையளை ஆர் பாக்கிறது?”

“ஏன், நீர் இருக்கிறீர்தானே.”

“நானும் வாறன்,” என்றேன். “உங்களை மட்டும் அனுப்ப ஏலாது.”

அவர் சிரித்துவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வெளியே வெயில் இன்னும் இருந்தது.