ஒரு கைக்குப் போதுமான துப்பாக்கி

என் தங்கை சைமாவின் புருஷன் யல்மரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மனிதன் கெட்டவன் இல்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு குவளை காபியைக் குடித்து முடித்துவிட்டு இன்னொன்றும் ஊற்றிக்கொள்ளலாம். மரம் அறுக்கும் ஆலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். இடது கையை மணிக்கட்டோடு ரம்பம் எடுத்துக்கொண்ட அன்றைக்குக்கூட, என் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "மெதுவா ஓட்டு மச்சான், ரோடு வழுக்குது."

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் சைமா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பாள், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். பூட்ஸ் கயிறு கட்ட அவள் குனிந்தபோது மட்டும் காலை இழுத்துக்கொண்டான். மறுநாளே கயிறில்லாத ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்துவிட்டான்.

எங்கள் வட மிச்சிகனில் நவம்பர் பதினைந்தாம் தேதி கல்யாணம் வைக்கிறவனுக்குச் சொந்த அண்ணன் தம்பிகூட வர மாட்டான். அன்றைக்குத்தான் மான் வேட்டை தொடங்கும். சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மரக் குடிசை. ஏழு ஆண்கள், பதினைந்து நாள். என் அண்ணன் ஹெய்க்கிதான் முகாமுக்குத் தலைவர். அவர் வைத்ததுதான் சட்டம்.

கை போன வருஷம் யல்மரால் தன் பழைய துப்பாக்கியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. ஒன்பது பவுண்டு கனம். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளை இழுத்து மூட இன்னொரு கை வேண்டும். "நீ சமையலப் பாத்துக்க மாப்ள, அடுப்புப் பக்கம் கதகதப்பா இருக்கும்" என்றார் அண்ணன். எல்லோரும் தலையாட்டினோம். எவ்வளவு பெரிய மனசு எங்களுக்கு!

மடையர்கள். சமையலுக்குத்தானே ஐயா இரண்டு கை வேண்டும்? மாவு பிசைந்தால் கிண்ணம் மேஜை முழுக்க ஓடும், அவன் அதைத் துரத்துவான். தகர டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு திறப்பான். ஒருநாள் கொதிக்கிற பட்டாணி சூப்பைத் தொடையில் கொட்டிக்கொண்டு, சத்தமே காட்டாமல் வேறு கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்து பரிமாறினான். இரண்டு வருஷம் இப்படி. நாங்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு, 'பாவம், அவனுக்கும் ஒரு வேலை கிடைச்சுதே' என்று எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டோம்.

மூன்றாம் வருஷம், வேட்டைக்கு முந்தின நாள், யல்மர் ஒரு துணிப்பையை அவிழ்த்தான். உள்ளே ஒரு கார்பைன். ராணுவத்துக்காரர்கள் வேண்டாமென்று கழித்துவிட்ட குட்டைத் துப்பாக்கி, தபாலில் வரவழைத்திருக்கிறான். கைத்தடி நீளம்கூட வராது. கனம் ஐந்து பவுண்டும் கொஞ்சமும்.

"இதென்ன மாப்ள, அணில் சுடவா?" என்றேன்.

"இது வெடிச்சா மான் சாகாது தைஸ்தோ, சிரிச்சே உருண்டுடும்" என்றான் என்னிடம் லாரிக்கார சூலோ.

யல்மர் துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்காலில் இடுக்கி, ஐந்து தோட்டா கொண்ட பெட்டியைச் செருகி, ஒரே இழுப்பில் தயார் செய்தான். குழல் பக்கத்தை மொட்டையான இடது முன்கையின்மேல் சாய்த்தான். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. பிறகு அவன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினான்.

"முதல் தடவ இழுத்துவிட்டாப் போதும். அப்புறம் அதுவே ஏத்திக்கும். வேற ஒண்ணும் வேணாம், ஒரு வெரல் வேணும். வெரல் இருக்கு."

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்ல மாப்ள. இது சின்னத் தோட்டா. தூரத்துல சுட்டா மான் விழாது. காயத்தோட சதுப்புக்குள்ள ஓடி, ரெண்டு நாள் கெடந்து சாகும். என் முகாம்ல அந்தப் பாவம் வேணாம்."

"அறுபது கெஜத்துக்கு மேல சுட மாட்டேன். ராணுவத் தோட்டாவும் இல்ல, வேட்டைத் தோட்டாதான் வாங்கியிருக்கேன்."

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "நாளைக்கு ஒரு நாள் பாரு. ஒரு மான் காயத்தோட ஓடினாலும் இத ஆணியில மாட்டிட்டுக் கரண்டிய எடுத்துடணும். அதுக்கப்புறம் எப்பவும் கேக்கக் கூடாது."

"சரி" என்றான் யல்மர். அந்தச் சரியைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்குக் கேட்டது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பழைய தகரத் தட்டு ஒன்றை அறுபது கெஜத்தில் ஆணியடித்துச் சுட்டுப் பார்த்தோம். யல்மர் மூன்று சுட்டான், மூன்று ஓட்டை. நான் என் பெரிய துப்பாக்கியை எடுத்தேன். தொலைநோக்கிக் கண்ணாடி வைத்தது, பார்க்கவே ராஜா மாதிரி இருக்கும். இரண்டு சுட்டேன். தட்டு அப்படியே இருந்தது.

"கண்ணாடி கொஞ்சம் வெலகியிருக்கு" என்றேன்.

"குடு மச்சான், தோட்டா நான் போட்டுத் தரேன்" என்று வாங்கி, முழங்காலில் இடுக்கி, போட்டுத் தந்தான். நான் குறி பார்த்து விசையை இழுத்தேன். 'டிக்'. அவ்வளவுதான். படுபாவி, வெடித்துத் தீர்ந்த வெற்றுக் கூட்டைப் போட்டிருக்கிறான்! துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் நான் கண்ணை இறுக்க மூடி, தோளைப் பின்னால் இழுத்து, குழலை ஒரு சாண் கீழே இறக்கியிருந்தேன். அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். சூலோ பனியில் உட்கார்ந்தே சிரித்தான்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு" என்றான் யல்மர். "அது ஒதைக்கும்னு பயந்து நீ முன்னாடியே துள்ளுற. எல்லாருக்கும் வர்றதுதான். என்னோடதுல ஒரு பத்து ரவுண்டு சுட்டுப் பாரு, ஒதையே தெரியாது, பழக்கம் போயிடும்."

"பொம்மை வெச்சு வெளையாடற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு!" என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடுகூட வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்து ஒரு மணி நேரம் இருக்கும். சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் யல்மர். அவனிடமிருந்து கூப்பிடு தூரத்தில் நான். அண்ணனும் மற்றவர்களும் மேட்டுக்கு அந்தப் பக்கம். எதிரே ஒரு கலைமான் வந்து நின்றது. எட்டுக் கிளைக் கொம்பு, பக்கவாட்டில் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு. எங்களிடமிருந்து நூற்றிருபது கெஜம் இருக்கும். யல்மர் கார்பைனைத் தூக்கினான். பார்த்தான். பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவன் என்ன, மானுக்குப் பாடம் நடத்தவா வந்திருக்கிறான்? நான் சுட்டேன். சுடும்போதே தெரிந்துவிட்டது, கண்ணை மூடிவிட்டேன் என்று. மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு சதுப்புக்குள் பாய்ந்தது.

யல்மர் எழுந்து வந்தான். திட்டவில்லை. பனியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "வா" என்றான்.

சதுப்புக்குள் மூன்று மணி நேரம். அந்த மரங்களின் நெருக்கத்தில் ஒரு நாய் போவதே கஷ்டம். என் ராஜா ஒவ்வொரு கிளையிலும் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் விடுவித்தால் மறு பக்கம் சிக்கும். கண்ணாடிக்குள் பனி போய் அப்பிக்கொண்டது. முன்னால் போன யல்மரோ கார்பைனை மார்போடு தொங்கவிட்டு, இருக்கிற ஒரு கையால் கிளையை விலக்கி விலக்கி, பூனை மாதிரி போனான். பொம்மை எதற்கு ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூச்சு வாங்கியதில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கவிழ்ந்து கிடந்த மரத்தடியிலிருந்து மான் திடீரென்று எழுந்தது. பதினைந்து கெஜம். நான் துப்பாக்கியைத் தூக்கினேன், கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். கழுத்தில் பட்டு, மான் நின்ற இடத்திலேயே மடிந்தது.

"முதல் ரத்தம் உன்னது. கொம்பு உனக்குத்தான் மச்சான்" என்றான் யல்மர். இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது நடு மத்தியானம்.

மேட்டுக்கு அப்பால் காற்று பலமாக இருந்ததால் யார் எப்போது சுட்டது என்று மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அண்ணன் குனிந்து மானைப் புரட்டினார். "ரெண்டு ஓட்டை. ஒண்ணு தொடையில, ஒண்ணு கழுத்துல." நிமிர்ந்து யல்மரைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "நேத்தே சொன்னேன் மாப்ள. சின்னத் தோட்டா. தொடையில பட்டு எம்புட்டு நேரம் தவிச்சுதோ, பாவம்."

என் தோட்டாவுக்கும் அவன் தோட்டாவுக்கும் குறுக்களவு ஒன்றுதான். ஓட்டையைப் பார்த்து எது யாருடையது என்று ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது. யல்மர் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. பிறகு கார்பைனை ஆணியில் மாட்டிவிட்டு, சமையல் துணியை இடுப்பில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். நேற்றைய சிரிப்பு ஞாபகம் வந்தது. கண்ணை மூடிச் சுட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கோடைவரை சூலோவுக்குப் பேச வேறு விஷயமே வேண்டாம். மூடிக்கொண்டேன்.

முதல் நாள் மானின் ஈரலை அன்றைக்கே வெங்காயத்தோடு வறுத்துத் தின்பது எங்கள் வழக்கம். திறந்த கதவு வழியாக யல்மர் தெரிந்தான். வெங்காயத்தை மொட்டைக் கையால் பலகையில் அழுத்திப் பிடித்து அறுக்கிறான். அது வழுக்கி ஓடுகிறது. பிடித்து வந்து மறுபடி அழுத்துகிறான். தோளில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது.

"என்ன இருந்தாலும் அவனுக்கு இதுதான் சரிப்படும்" என்றான் சூலோ, காபியை உறிஞ்சிக்கொண்டே.

என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குவளையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"அண்ணே, தொடையில சுட்டது நான்."

"என்னது?"

"நான்தான் சுட்டேன்! நூத்தி இருபது கெஜத்துல, கண்ண மூடிக்கிட்டு. அவன் அந்தத் தூரத்துல சுட மாட்டேன்னு துப்பாக்கிய எறக்கி வெச்சவன். அப்புறம் என்னையும் இழுத்துக்கிட்டு மூணு மணி நேரம் தேடி, ஒரே தோட்டால முடிச்சதும் அவன்தான். போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சூலோகூட. சிரித்திருந்தால் தேவலை. அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "மாப்ள, அந்தத் துணிய அவுத்து இவன்கிட்ட குடு" என்றார்.

யல்மர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"வாயத் தொறக்க மூணு வெங்காயம் ஆச்சு மச்சான், உனக்கு" என்றான். "நான் அஞ்சு ஆவும்னு நெனச்சேன்."

அவன் நீட்டிய கத்தியை வாங்கிக்கொண்டேன். வேட்டை முடிய இன்னும் பதினான்கு நாள் சமையல் இருந்தது. இரண்டு கையும் முழுசாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன், முதல் வெங்காயத்திலேயே விரலை அறுத்துக்கொண்டேன்.