வைக்கோல் மூடாத அடிபம்பு

முகையூர் பக்கத்துத் தையல்நாயகி விழுப்புரம் தாண்டியதில்லை. அவள் முகம் மட்டும் நைரோபி போய் வந்தது. 1985-இல் அங்கே நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில், இரண்டு மைல் குடம் சுமக்கும் அவள் படத்தைக் காட்டி விழுப்புரத்துத் தொண்டு நிறுவனச் செயலாளர் பேசினாராம். கைதட்டினார்களாம், தீர்மானம் போட்டார்களாம். அவளை யார் கேட்டார்கள்?

தண்ணீர் வரவில்லை. மறு வருஷம் பத்துப் பெண்களோடு பி.டி.ஓ. ஜீப்பை மறித்து உட்கார்ந்து, தெருவுக்கு அடிபம்பு வாங்கினாள்.

அடுத்த மாதமே செயலாளர் ஓடி வந்தார். “படத்துல இருக்கற பொம்பளயப் பாக்க வெள்ளக்காரங்க வர்றாங்கம்மா. ஒரு நாளைக்குப் பம்ப வைக்கோல் போட்டு மூடிட்டு, பழையபடி கொடத்தத் தூக்கிக்கினு நட.”

தையல்நாயகி இடுப்புக் குடத்தை அவரிடம் நீட்டினாள்.

“நீங்க நடங்க சார். அவங்களுக்குப் படம்தான வேணும்.”