அம்மா பேர் காலாவதி ஆவதற்குள்

அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பல் தேய்க்கும்போது பார்ப்பேன். மூலக்குளம் நிறுத்தத்தில் பஸ் வரவில்லை என்றால் பார்ப்பேன். வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ மாறியிருக்கும் என்பது போல மறுபடியும் பார்ப்பேன். எந்த டொமைன் பெயரை, அதாவது வெப்சைட் முகவரியைத் தட்டினாலும் அது எப்போது காலாவதி ஆகிறது என்று காட்டும் பக்கம் அது. நான் தட்டியது அம்மாவின் பெயரை. அம்மா பெயர், அதோடு ஒட்டிய ஒரு 'பைக்ஸ்', கடைசியில் டாட் காம். இந்த மாதக் கடைசி என்று போட்டிருந்தது. நான் எத்தனை தடவை பார்த்தாலும் தேதி தள்ளிப்போகவில்லை.

எங்கள் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் முதுகில் பையோடு வந்து ஸ்கூட்டர் கேட்டு நிற்பார்கள். அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது இரண்டு பேரும் யோசிக்கவே இல்லையாம். ஒருத்தருக்குப் பெண்டாட்டி பெயர், இன்னொருத்தருக்கு அக்கா பெயர். அம்மாவை யாரும் கேட்கவில்லை. வெப்சைட்டுக்காக அந்தப் பெயரில் டொமைன் வாங்கியது மாமா. அவர் மெயில், அவர் போன் நம்பர். அப்போது அதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

பிறகு ஒரு சனிக்கிழமை, வண்டி எடுத்துப் போன பையன் ஒருவன் ஈசிஆர் திருப்பத்தில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் லைசென்ஸ் இல்லாதவன். யார் வண்டி கொடுத்தது என்று கேள்வி வந்தது. கடைக்குள் ஆட்கள் நிற்கும்போதே அப்பா மாமாவைப் பார்த்து, லைசென்ஸ் பார்க்காமல் சாவி கொடுக்க நீ எதற்கு என்று கேட்டுவிட்டார். மாமா சாவிக் கொத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். இப்போது கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அப்பா பழைய பலகையின் மேலேயே பெயின்ட் அடித்து வேறு பெயர் எழுதிவிட்டார். அந்தப் புதுப் பெயருக்கு நான்தான் வெப்சைட் செய்தேன். டாட் காம், டாட் இன் என்று இரண்டையும் வாங்கி ஒரே சைட்டுக்குத் திருப்பி வைத்தேன்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பொங்கலுக்கு மாமா வரிசை கொண்டுவருவார். கரும்பையும் பையையும் வாசலில் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வண்டியை அணைக்காமலே என்னைப் பார்த்து, உங்கப்பாவை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு என்பார். உள்ளே நாற்காலியில் இருக்கும் அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு உங்க மாமாகிட்ட சொல்லு என்பார். இவர் சொல்வது அவருக்கும், அவர் சொல்வது இவருக்கும் நன்றாகவே கேட்கும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. நடுவில் நின்றால் போதும்.

மாமா போன பிறகும் பழைய ஆட்கள் பழைய பெயரைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பழைய பக்கமும் மாமாவின் நம்பரும் அப்படியே கிடந்தன. கூப்பிட்டால், அந்தக் கடை இல்லை என்று சொல்லி மாமா வைத்துவிடுவார். எனக்கு இது தாங்கவில்லை. வெப்சைட் என்பது கடை. டொமைன் என்பது தெருமுனையில் நட்டு வைக்கிற அம்புக்குறிப் பலகை. பலகை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லா அம்பும் ஒரே கடையைக் காட்டினால் சரி. ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, மூன்றாவதையும் திருப்பிவிட்டால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. இதை அப்பாவிடம் சொன்னபோது, நீ ஒன்றும் உன் மாமன் வாசலில் போய் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரும் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பேர் என்ன ஆகும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பழைய பெயர்களையெல்லாம் ஆன்லைன் ரம்மிக்காரர்கள்தான் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று படித்ததை அப்படியே கொட்டினேன். அம்மாவின் கை கொஞ்சம் நின்றது. "என் பேர்லயா சீட்டாடுவாங்க?" என்றாள். சிரித்தாள். பிறகு கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாமா குடியிருப்பது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவின் வீட்டு மாடியில். கீழே வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டே, போவட்டும் பாப்பா, கடையே இல்லை, பலகை எதுக்கு என்றார். அப்பா சொல்லி வந்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போ சரி, போய்ட்டு வா என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, ரம்மியைச் சொன்னேன்.

மாமா குழாயை நிறுத்தினார்.

"எங்க அக்கா பேர்லயா?"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பாஸ்வேர்டு அவருக்கு ஞாபகம் இல்லை. மறந்துவிட்டது என்று கொடுத்தால், மாடியில் சார்ஜில் கிடந்த அவர் போனுக்கு எண் வந்தது. அவர் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது செல்லாமல் போய் இன்னொன்று வந்தது. மாடிப்படியிலிருந்து அவர் கத்த, வேன் படியில் உட்கார்ந்து நான் தட்ட, ஒரு வழியாக உள்ளே போனோம். ஒரு வருஷம் போதும் என்று நான் சொல்ல, அந்தப் பக்கம் அனுமதித்த வரைக்கும் மொத்தமாகப் புதுப்பித்தார் மாமா. அவர் மனசு மாறுவதற்குள் எங்கள் சைட்டை வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனியின் இரண்டு முகவரி வரிகளையும் அதில் ஒட்டினேன். இனி அந்தப் பெயரைத் தட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். நான் வண்டியை எடுக்கும்போது, இது உங்கப்பாவுக்காக இல்லைன்னு சொல்லு என்றார் மாமா. சரி என்றேன்.

ஹோஸ்டிங் பக்கத்தில் அம்மா பெயரைச் சேர்க்கும்போது இரண்டு வழி கேட்டது. ஒன்று, வந்தவரை கடையின் இப்போதைய பெயருக்கு அனுப்பி வைப்பது, அதாவது ரீடைரக்ட். இன்னொன்று, தட்டிய பெயரை மாற்றாமல் அதிலேயே சைட்டைக் காட்டுவது. நான் படித்த எல்லா இடத்திலும் முதல் வழிதான் நல்லது, கூகுளுக்கும் அதுதான் பிடிக்கும் என்று இருந்தது. அதையே அழுத்தினேன். இந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவ இரண்டு நாள் வரை ஆகலாம் என்று கீழே ஒரு வரி வந்தது.

இரண்டு நாளா? உட்கார முடியுமா? என் போனில் பழைய பக்கம், பக்கத்து வீட்டு வைஃபையில் புதுப் பக்கம். வேறு கம்பெனி சிம்மில் எப்படி இருக்கும்? சாரத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன், தட்டிக் காட்டினார், பழசு. மருந்துக் கடையில் ஒரு அண்ணன் போனில் புதுசு. ஜூஸ் கடை அக்கா தன் போனை நீட்டிக்கொண்டே, "இன்னா பாப்பா, ரிசல்ட் வந்துதா?" என்றாள். அவள் போனிலும் பழசுதான். அந்த அக்காவிடம் சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டு, குடித்த டம்ளரை வைப்பதற்குள் இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். தட்டினாள். அவளுக்கு என் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாமா கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பேசுகிறார் என்று பின்னால் கேட்ட மணிச் சத்தத்தில் தெரிந்தது.

"எங்க அக்கா பேரத் தட்றேன். கண்ணு முன்னாடியே அத அழிச்சிட்டு உங்கப்பா கடைப் பேர் வந்து உக்காந்துக்குது. இதுக்குத்தான் வந்தியா நீ?"

அது அழிவதில்லை மாமா, அனுப்பி வைப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. சாயந்திரம் வண்டியை விட்டுவிட்டு வந்து தானே எல்லாவற்றையும் பிடுங்கிப் போடப் போவதாகவும், அந்தப் பேர் யாருக்கும் இல்லாமல் சும்மா கிடந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாஸ்வேர்டு இப்போது அவருக்குத் தெரியும். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உலகமே செய்கிற முறை இது, இவருக்கு என்ன தெரியும்? வண்டி ஓட்டிக்கொண்டே அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். ரெட்டியார்பாளையம் தாண்டும்வரை நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி நிமிர்ந்தபோது வெயில் பலகையில் சாய்வாக விழுந்திருந்தது. அப்பா பெயின்ட் அடித்த பெயருக்கு அடியில் பழைய எழுத்துகள் மேடு மேடாகத் தெரிந்தன. அம்மாவின் பெயரின் முதல் எழுத்தின் வளைவு கூட அப்படியே. தினமும் இந்தப் பலகைக்குக் கீழேதான் போய் வருகிறேன். மாமா இந்தத் தெரு வழியாக வேன் ஓட்டுவதே இல்லை, சுற்றிக்கொண்டு போவார் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நான், டீசல் வீண்தானே என்று கேட்டிருந்தேன்.

வண்டி மேல் உட்கார்ந்தபடியே போனில் ஹோஸ்டிங் பக்கத்தைத் திறந்தேன். ரீடைரக்டை எடுத்தேன். இரண்டாவது வழியை அழுத்தினேன். பழைய பெயரைத் தட்டினால் அதே பெயர் மேலே நிற்கும், கீழே எங்கள் சைட் திறக்கும். கூகுள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன் போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். எங்க அக்கா பேருக்குப் பக்கத்துல பாதுகாப்பு இல்லைன்னு போட்டிருக்கானே, யார் அவன் என்று கேட்டிருந்தார். புதிதாகச் சேர்த்த பெயருக்குத் தனியாகப் பாதுகாப்புச் சான்று வாங்க வேண்டும் என்பதை அவசரத்தில் விட்டுவிட்டேன். வாங்கினேன். அது வரும்வரை கடைக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் பூட்டுப் படம் வந்ததும் அப்பாவிடம் காட்டப் போனால் அவர் போனில் இன்னும் பழைய ரீடைரக்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. போன் தான் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அப்பா, அந்த ஞாபகத்தை அழித்தால்தான் புதுசு தெரியும் என்று சொல்லி, எப்படி அழிப்பது என்று காட்டிக் கொடுத்தேன். அவர் அழித்தார். தட்டினார். அம்மா பெயர் மேலே அசையாமல் நின்றது. அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். உன் மாமன் எடுத்துப் போடாம இருக்கணுமே என்றார்.

அன்று சாயந்திரம் மாமா பிடுங்கவில்லை. ஆனால் விட்டுவிட்டதாகவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன். என் போன்ல உங்கப்பா கடைப் பேர்தான் வருது பாப்பா, மறுபடியும் மாத்திட்டியா, எடுத்துடவா என்றார் மாமா. அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல் என்னிடம், பழசு போன்ல தங்கியிருக்கு, அழிக்கச் சொல்லு என்றார். நான் வழக்கம்போல நடுவில் நின்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு பேர், கொடுத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்து நின்றார்கள். நான் வெளியே போக வேண்டியதாகிவிட்டது.

வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றிருந்தது. வேறு வண்டி கொடுத்தேன். லைசென்ஸை வாங்கி மறுபடியும் பார்த்தேன், கீறல்களைப் போட்டோ எடுத்தேன், ஒருவழிப் பாதைகளைச் சொன்னேன். உள்ளே போன் கட்டாகியிருக்கும், மாமா எடுத்துப் போட்டிருப்பார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் கிளம்பியதும் ஓடி வந்தேன். படியில் கால் வைத்ததும் உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. கொஞ்சம் எரிச்சலான குரல்.

"மேல மூணு புள்ளி இருக்கும் பாரு."

"இருக்கு."

"அதுல ஹிஸ்டரின்னு போட்டிருக்கும்."

"எங்க போட்டிருக்கு? காணோமே."

"நல்லாப் பாரு மச்சான்."

போனில் மாமா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது கேட்டது.

"ஆங்... இருக்கு மாமா. அழிச்சிட்டேன்."

"இப்ப அக்கா பேரத் தட்டு."

நான் படியிலேயே நின்றேன். எனக்கு நிற்கத் தெரியாது, வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்று நின்றேன், கையில் சாவியோடு. அப்பாவின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. போனிலிருந்து மாமா, நிக்குது, பூட்டும் இருக்கு என்றார். பிறகு, இருக்கட்டும் என்றார். எதை இருக்கட்டும் என்றார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அம்மா சாப்பாட்டுக் கூடையை மூடிக்கொண்டே என்னைத் தேடிப் பார்த்தாள். வாசலில் நான் நிற்பதைக் கண்டதும், "நாளைக்கு அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்றாள்.

அப்பா தட்டை நகர்த்தினார். "லைன்லதான இருக்கான். நீயே சொல்லேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் குனிந்தாள். மாமா தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பது போல உரக்கக் கூப்பிட்டுச் சொன்னாள். மாமா என்ன குழம்பு என்று கேட்டார்.