குடைநுனியால் ஆள் எடுத்தவர்

பிள்ளைகளா, கணினியில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மவுஸால் தொட்டு, நடுவிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறீர்கள். பிறகு வேண்டாத ஒன்றை மட்டும் கழற்றிவிடுகிறீர்கள். எழுபதுகளில் மானகிரிப் பக்கம் தார்ச்சாலை போட்ட ஒரு மேஸ்திரி ஆட்களை அப்படித்தான் எடுப்பார். வெற்றிலைக் காவி ஏறிய பல், கையில் குடை. குடைநுனியால் வரிசையின் இரண்டு முனையையும் காட்டி, “இங்குட்டுருந்து அங்குட்டு வரைக்கும் வாங்க” என்பார்.

ஒருநாள் நடுவில் நின்ற என்னை மட்டும் கழற்றிவிட்டார். அன்று வேலை கிடைத்தால்தான் வீட்டில் உலை ஏறும்.

“என்னைய மட்டும் ஏன் மேஸ்திரி விட்டீக?”

“எல்லாரும் காலுல சாக்குச் சுத்தி வந்துருக்காக. நீ வெறுங்கால். அந்தக் காலை வீட்டுல வச்சுட்டு வா தம்பி, எடுத்துக்கிறேன்.”

வரிசையே சிரித்தது. கோபத்தோடு விலகி நின்றேன். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனபின், புதிதாக ஊற்றிய தாரில் ஒரு விரல்நுனியை வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டேன்.