யார் மேலும் மோதாமல் பேஸ்கட்பால்

“தெருவுல ஓடுற புள்ளைங்களுக்கு எதுக்கும்மா கிரவுண்டு? ஓடத் தெரியாமயா கீதுங்க?”

நான் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தது தெரிந்ததும் எங்கள் வீட்டு ஓனர் கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும், ஓடத் தெரியும், பயப்படாமல் ஓடத்தான் தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பயம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பெருங்களத்தூரில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் லாரி நுழைந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். சந்துக்குப் பின்னால் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பேஸ்கட்பால் கோர்ட் இருந்தது. குடியிருப்புச் சங்கமும் எங்கள் பள்ளியும் சர்ச் இளைஞர்களும் கூடிப் பேசினார்கள். சனிக்கிழமை காலையில் நாங்களும் அங்கே போய் அவர்கள் பிள்ளைகளோடு கலந்து ஆடலாம், சர்ச் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுப்பார் என்று முடிவானது. தலைக்கு எண்ணெய் வைத்து, குப்பை வண்டி போகும் பின்கேட் வழியாக வரிசையாக வர வேண்டும். தகராறு ஏதாவது வந்தால் அன்றோடு நிறுத்திவிடுவோம் என்று சங்கச் செயலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

என் அம்மா அந்தக் குடியிருப்பில்தான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். போவதற்கு முந்தைய நாள் சோறு போட்டபடி சொன்னாள்: “உள்ள வந்து என்னை அம்மான்னு கூப்புட்டு வெக்காத. சூப்பர்வைசர் பாத்தா பேஜாராயிடும். யார் மேலயும் மோதாத, இன்னா?”

யார் மேலும் மோதாமல் பேஸ்கட்பால் ஆடுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டிவைத்து ஓடினேன். பந்து என் பக்கம் வந்தால், அதுவும் சங்க உறுப்பினர் என்பதுபோல மரியாதையாக விலகி வழிவிட்டேன். “பந்து கடிக்காது பாப்பா!” என்று அண்ணன் கத்துவார். சற்றுத் தள்ளி, நீலக் கோட்டு போட்டு அம்மா பெருக்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் நான் திரும்பவே மாட்டேன்.

சில வாரங்கள் போனதும் கால்கள் என் பேச்சைக் கேட்காமல் போயின. ஒருநாள் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து எகிறினேன். முழங்கையில் ஏதோ இடித்தது. இறங்கிப் பார்த்தால் குடியிருப்பைச் சேர்ந்த என் வயதுப் பெண் தரையில் கிடந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவள் வெள்ளை டீஷர்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் நின்றது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. அந்தப் பெண்ணின் அப்பா ஓடிவந்தார், அவர் பின்னால் செயலாளர். எங்கள் சந்துப் பிள்ளைகள் என்னைவிட்டு விலகி நின்றார்கள். “போச்சு. உன்னாலதான்டி இனிமே உள்ள உட மாட்டாங்க,” என்றாள் ஒருத்தி. அடிபட்டவள் செத்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மாவின் வேலை போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. பயத்தில் ஒன்றுக்குப் போய்ப் பள்ளிச் சீருடை நனைந்தது தெரியாமலிருக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“யார் வீட்டுப் பொண்ணு இது?” என்றார் அந்த அப்பா. அப்போதும் நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

“என் பொண்ணுதான் சார்.”

அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து என் முதுகில் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். இன்னொரு முறை கை ஓங்கியபோது அந்த அப்பாவே குறுக்கே வந்து தடுத்தார்.

“விடும்மா, விடு. சின்னப் பசங்க. விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்.”

செயலாளரும் தலையாட்டினார். மூக்கைப் பிடித்திருந்த பெண்கூட, “நான்தான் குறுக்க போனேன்” என்று முனகினாள்.

அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் நடந்தது. அம்மாவின் வேலையும் போகவில்லை. நான்தான் பல நாள் அவளோடு பேசவில்லை. அம்மா என்று கூப்பிடாதே என்றவள், எல்லோரும் பார்க்க வந்து அடித்தாளே என்ற கோபம். மற்றவர்கள் சொல்லவிருந்ததை எல்லாம் அந்த அடி முந்திக்கொண்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கும் பயமாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை.

போன மாதம் முடிச்சூரில் ஒரு குடியிருப்புச் சங்கத்திடம் போய், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காகக் கோர்ட் கேட்டேன். நேரம் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: பிள்ளைகள் மோதிக்கொள்வார்கள், இரண்டு பக்கமும் ரத்தம் வரும், அதற்காக ஆட்டத்தை நிறுத்தக்கூடாது, எந்த அம்மாவும் வேலையை விட்டு ஓடிவரும்படி ஆகக்கூடாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சரி என்றார்கள்.

நேற்றுக் காலை முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதினேன்.